வயிறா, முதுகா? ஒரு கடற்கூட்டைப் புரட்டிய கதை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு எச்சரிக்கை. இந்த வேலையைப் பற்றி வீட்டில் யாருக்கும் விளக்க முயலாதீர்கள். 'டைனோ' என்று வாயைத் திறந்த உடனே "டைனோசரா?" என்பார்கள். என் சம்பந்தி வீட்டார் ஒருமுறை பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருப்பதியில் எங்கள் துறைக்கே வந்துவிட்டார்கள், எலும்புக்கூடு பார்க்க. மைக்ராஸ்கோப்பில் ஒரு மஞ்சள் புள்ளியைக் காட்டினேன். சின்னவள் அழுதுவிட்டாள்.

அந்த மஞ்சள் புள்ளிதான் நமக்குச் சோறு போடுகிறது. டைனோஃபிளாஜெல்லேட் என்பது கடலில் மிதக்கும் ஒற்றைச் செல் உயிர். காலம் சரியில்லை என்றால் தன்னைச் சுற்றிக் கெட்டியாக ஒரு கூடு கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கித் தூங்கிவிடும். நிலைமை தேறியதும் கூட்டின் முதுகுப் பக்கம் ஒரு சில்லைப் பெயர்த்து, அந்த வழியையே கதவாக்கி வெளியேறிவிடும். காலிக் கூடு பாறைக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். கதவு எங்கே இருக்கிறது என்பதை வைத்துக் குடும்பம் சொல்கிறோம். கொம்பும் முள்ளும் வரப்பும் பார்த்து இனம் சொல்கிறோம்.

அமிலத்தில் பாறையைக் கரைப்பதையும் சலிப்பதையும் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். கை நடுங்கிய சில நேரங்களைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

கை நடுங்குவதற்கு முன்னால் சிரிப்பு ஒன்று. பிச்சாட்டூர்ப் பக்கத்துப் பாறை ஒன்றில் எங்கள் துறையில் ஒருவர் முள்முள்ளாக ஒரு உருண்டையைக் கண்டுபிடித்தார். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. ஒன்றல்ல, ஸ்லைடு முழுக்கக் கிடந்தது. துறைத்தலைவர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடலாமா என்று கேட்கும் அளவுக்குப் போய்விட்டார். நான் போய்க் கண்ணை வைத்தேன். உருண்டைக்குள் சதை இருந்தது. கோடி வருடக் கூட்டுக்குள் சதை ஏது? நிமிர்ந்து பார்த்தேன். அதற்கு முந்தின நாள்தான் ஆயுத பூஜை. மைக்ராஸ்கோப், மையச்சுழற்றி, அமில அலமாரி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துத் தடிதடியாகச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். அது சாமந்தி மகரந்தம். அதன் பிறகு பூஜைக்குக் கற்கண்டும் பழமும் மட்டும் என்று சட்டம் போட்டேன். என் தலையில் பூ வைப்பதையும் வாசலோடு நிறுத்திக்கொண்டேன். அதிசயம் கண்ணில் பட்டால், கோடி வருடத்துக்கு முன்னால் போவதற்குள் நேற்று என்ன நடந்தது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறப் போகும் வருடம். பணிக்காலம் முழுக்கப் பிறர் வைத்த பெயர்களைத்தான் லேபிளில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு இனத்துக்காவது நான் பெயர் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், வெறி என்றே சொல்லலாம். அந்த நேரத்தில்தான் கலைவாணி அதைக் கண்டுபிடித்தாள்.

கலைவாணி என்னிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த பெண். பிச்சாட்டூரில் விவசாயக் குடும்பம். தினமும் பஸ்ஸில் வருவாள். படிப்பெல்லாம் தெலுங்கில், கோபம் வந்தால் தமிழில். வரதய்யபாளையம் அருகே ஒரு துளைக் கிணற்றிலிருந்து எடுத்த கறுப்புக் களிமண்ணைக் கரைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"மேடம், இங்க வாங்க. இது தப்பா பொறந்த மாரி இருக்குது."

பார்த்தேன். உச்சியில் ஒரு கொம்பு, அடியில் இரண்டு கொம்பு. இந்தக் குடும்பத்தில் அடிக்கொம்பு இரண்டில் இடது பக்கத்துக் கொம்புதான் நீளமாக இருக்கும். கல்லூரிப் பாடத்திலேயே வருகிற செய்தி. இதில் வலது கொம்பு நீளம். அதுவும் கொஞ்ச நஞ்சமல்ல, இரண்டு மடங்கு. அதே களிமண்ணில் இதைப் போல இன்னும் சில துண்டுகள் கிடைத்தன. ஆனால் எல்லாம் கிழிந்தவை. ஒன்றில் கொம்பு இல்லை, ஒன்றில் கதவு இல்லை. முழுசாக இருந்தது இந்த ஒன்றுதான்.

படத்தைத் திருப்பிப் போட்டு ஏமாற்றுகிறதோ என்று முதலில் கேமராவைச் சந்தேகப்பட்டோம். கலைவாணி தன் பஸ் டிக்கெட்டைக் கிழித்து லென்ஸுக்குக் கீழே வைத்தாள். எழுத்துகள் நேராகத்தான் தெரிந்தன. கேமரா யோக்கியம்தான். பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து கட்டுரை எழுதி முடித்தோம். அனுப்பும் முன் ஒரு பெரிய ஆளிடம் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

திருப்பதியில் வேலை பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. எப்பேர்ப்பட்ட நிபுணரை அழைத்தாலும் மறுக்க மாட்டார். தரிசனமும் ஆகிவிடுமே. சென்னையிலிருந்து இந்தத் துறையின் மூத்த கண் ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம், பெரியவர் என்றே சொல்கிறேன். திருச்சானூரில் தங்கி, மேலே போய்வந்து, மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல், ஆளுக்கொரு லட்டோடு துறைக்கு வந்து சேர்ந்தார். துறைத்தலைவர், ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள் என்று அறை நிறைந்திருந்தது. நான் படங்களைக் காட்டிப் பேசினேன். நன்றாகவே பேசினேன்.

பெரியவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். ஃபோகஸ் திருகை மேலும் கீழும் நகர்த்தினார். நிமிர்ந்தபோது கண்வில்லையில் சந்தனம் ஒட்டியிருந்தது.

"அம்மா, நீங்க வயித்தப் பாத்துட்டு முதுகுன்னு சொல்றீங்க" என்றார்.

அறையில் ஒருவர் சிரித்தார். யார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை, தெரிந்தால் வைதுவிடுவேன்.

அவர் சொன்னதன் கனம் உங்களுக்கு விளங்க வேண்டும். ஒரு ஆளை முதுகுப் பக்கமிருந்து பார்த்தால் அவருடைய வலது கை நம் வலப்பக்கம் இருக்கும். முன்பக்கமிருந்து பார்த்தால் அதே கை நம் இடப்பக்கம் போய்விடும். கூட்டின் கதவு முதுகில். அந்த உயிர் நீந்த உதவும் சாட்டை போன்ற இழை மடிந்து கிடக்கும் பள்ளம் வயிற்றில். ஆனால் கூடோ கண்ணாடி மாதிரி. மேலே இருப்பதும் தெரியும், அதன் வழியாகக் கீழே இருப்பதும் தெரியும். ஃபோகஸை இறக்கும்போது எது முதலில் தெளிகிறதோ அதுதான் மேல்பக்கம். எனக்குக் கதவு முதலில் தெளிந்தது. எனவே நான் பார்ப்பது முதுகு, நீளக் கொம்பு வலது. அவருக்குப் பள்ளம் முதலில் தெளிந்தது. எனவே அவர் பார்ப்பது வயிறு, நீளக் கொம்பு இடது, எல்லோருக்கும் தெரிந்த பழைய இனம். பாறையின் பாரத்தில் கூடு அப்பளமாக நசுங்கியிருந்ததால் இரண்டு சுவர்களுக்கும் நடுவே இடைவெளி ஏறக்குறைய இல்லை. கண்ணை மட்டும் நம்பி இதைத் தீர்க்க முடியாது.

பெரியவர் கெட்டவர் அல்ல. என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "புது இனம்னு போடாதீங்க. பழைய இனத்த 'ஒத்தது'ன்னு ஒரு வார்த்தை போட்டுடுங்க. கட்டுரை வந்துடும். யாரும் கேக்க மாட்டாங்க."

துறைத்தலைவருக்கு அது தேனாக இனித்தது. அவர் பேசும் தமிழ், தெலுங்கில் தோய்ந்தது. "அதே மஞ்சிதி, நல்லது அம்மா. எந்துக்கு டென்ஷன்? ரிடையர் ஆகிற டைம்ல பேர் கெட்டுப் போகக் கூடாது."

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். தோல்வியும் இல்லாமல் வெற்றியும் இல்லாமல் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு, உட்கார் என்பார்கள். உட்கார்ந்தால் சௌகரியம். 'ஒத்தது' என்று எழுதினால் என் பெயருக்குக் கேடு இல்லை. ஆனால் அந்தக் கூடு அந்தச் சொல்லுக்குள் போய்ப் புதைந்துவிடும், மறுபடி யாரும் தோண்ட மாட்டார்கள். எனக்கு மெய்யாகவே கோபம் வந்தது. என் கண் தப்பு என்றால் தப்பு என்று காட்டட்டும். சரி என்றால் சரி என்று ஒப்புக்கொள்ளட்டும்.

"புரட்டிப் பாத்துடலாம்" என்றேன்.

ஸ்லைடில் கூட்டைப் பிடித்து வைத்திருப்பது கிளிசரின் ஜெல்லி. லேசாகச் சூடு காட்டினால் இளகும். மேலே இருக்கும் மெல்லிய கண்ணாடியை ஊசியால் ஒரு மயிரிழை தள்ளினால் உள்ளே கூடு உருளும். சொல்வதற்கு எளிது. சூடு கூடினால் குமிழி கிளம்பிக் கூட்டைத் தூக்கி எறியும். ஊசி அழுத்தினால் கண்ணாடி நசுக்கிவிடும். இருப்பது ஒன்று. அது போனால் இனமும் இல்லை, பெயரும் இல்லை, சண்டையும் இல்லை.

கலைவாணி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். "வேணாம் மேடம். கண்ணு வலிக்க வலிக்கத் தேடினு இருந்து கண்டுபுடிச்சது. அவரு சொன்னாருன்னு நாம ஏன் ஒடைக்கணும்? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்."

"இருந்து?" என்றேன். "பொரட்டவே பயந்துகினு ஒண்ண வெச்சிகினு அதுக்கு எப்படிடி பேரு வெக்கிறது?"

அவள் என் கையை விட்டாள். பிறகு, "மொதல்ல போட்டோ எடுத்துக்கலாம். மேல இருந்து கீழ வரைக்கும், ஒண்ணு விடாம" என்றாள். அந்த நிமிடம் அவள் எனக்கு மாணவி அல்ல. நான் கோபத்தில் மறந்ததை அவள் மறக்கவில்லை. துணிவுக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போனாலும் சாட்சி மிஞ்சும். படங்கள் எடுத்து இரண்டு கணினிகளில் ஏற்றினோம்.

எங்கள் சூட்டுத் தட்டை நான் நம்பவில்லை. அது ஒன்று தூங்கும் அல்லது எரியும். கேன்டீனிலிருந்து வந்திருந்த டீயை ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, மேலே மூடி போட்டு, அந்த மூடியின் மேல் ஸ்லைடை வைத்தேன். துறைத்தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பெரியவர் மட்டும் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி எட்டிப் பார்த்தார்.

ஜெல்லி இளகியதும் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்து ஊசியால் கண்ணாடியைத் தொட்டேன். கூடு அசையவில்லை. இன்னொரு முறை தொட்டேன். சட்டென்று பார்வையிலிருந்து காணாமல் போய்விட்டது.

பெண்களே, பையன்களே, அந்த வெற்று வட்டத்தை நான் மறக்க மாட்டேன். பின்னால் யாரோ "அய்யய்யோ" என்றார். நான் எழுந்து கலைவாணியை உட்கார வைத்தேன். என் கை ஆடிக்கொண்டிருந்தது. ஆடும் கையோடு தேடினால் இன்னும் தொலைப்போம். இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: தொலைத்தவரே தேட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அவள் வயலில் களை எடுப்பது போல ஒரு ஓரத்திலிருந்து வரிசை வரிசையாகப் போனாள். அவசரமே படவில்லை. ஜெல்லி ஆறி இறுகிக்கொண்டிருந்தது.

"இங்க கீது மேடம்" என்றாள். பிறகு குரல் மாறியது. "நின்னுகினு கீது."

நிஜமாகவே நின்றுகொண்டிருந்தது. கண்ணாடியின் விளிம்புக்குப் பக்கத்தில், ஒரு குமிழியில் சாய்ந்து, கூடு விளிம்பு மேலாக ஒருக்களித்து நின்றது. இத்தனை நாள் ஒன்றாக ஒட்டித் தெரிந்த இரண்டு சுவர்களும் தனித்தனியாகத் தெரிந்தன. ஒரு சுவரில் கதவு, எதிர்ச் சுவரில் பள்ளம். வேண்டுமென்றே தூக்கிக் காட்டியது போல. படம் எடுத்தோம். ஸ்லைடை மறுபடி டம்ளர் மேல் வைத்தேன், கண்ணாடியை ஊசியால் மெல்லத் தொட்டேன். கூடு மறுபக்கமாகச் சாய்ந்து படுத்தது.

இப்போது பள்ளம் மேலே. ஐயமே இல்லை, தெளிவாக, வயிறு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீளக் கொம்பு எங்கள் இடப்பக்கம் போயிருந்தது. வயிற்றுப் பக்கமிருந்து பார்க்கும்போது நம் இடப்பக்கம் என்றால், கூட்டுக்கு அது வலது.

"சார், வாங்க" என்றேன்.

பெரியவர் பார்த்தார். திருகைத் தொடவே இல்லை, தேவைப்படவில்லை. நிமிர்ந்து, "முதுகுதான் பாத்திருக்கீங்க. வலக்கொம்பு. ஒத்துக்கறேன்" என்றார். அறையில் கைதட்டினார்கள். கலைவாணி கத்தியே விட்டாள். துறைத்தலைவர் நடுவில் வைத்த நாற்காலியை மறந்துவிட்டு, "நான் அப்போதே செப்பினேன்" என்றார். அவர் என்ன செப்பினார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மகிழ்ச்சியில் அதையும் மன்னித்தோம்.

ஆனால் பெரியவர் எழவில்லை. "அம்மா, ஒரு கேள்வி பாக்கி இருக்கு" என்றார். "மனுஷங்கள்லயும் இடக்கைக்காரன் இருக்கான். அவன வேற இனம்னு சொல்றோமா? இது ஒண்ணுதான் முழுசு. ஊனமாப் பொறந்த ஒண்ணா இருந்தா? வேற ஊர்லேர்ந்து, வேற கிணத்துலேர்ந்து, முழுசா இன்னொண்ணு காட்டுங்க. நானே எழுந்து நின்னு சொல்றேன்."

அது நியாயமான கேள்வி. அதனால்தான் அதிகமாக வலித்தது. அநியாயமான கேள்வி என்றால் சண்டை போடலாம். நியாயமான கேள்விக்குத் தேடத்தான் வேண்டும். கட்டுரையை அனுப்பவில்லை. இருந்த களிமண் முழுவதையும் கரைத்தோம். சத்தியவேட்டுப் பக்கம் கிடைத்த எல்லாக் கிணற்று மாதிரிகளையும் கேட்டு வாங்கிப் பார்த்தோம். கிழிந்தவை கிடைத்தன, முழுசு கிடைக்கவில்லை. கலைவாணி சரியாகச் சாப்பிடுவதில்லை. "மொதல்ல போய் துன்னுட்டு வா, அப்புறம் தேடலாம்" என்று துரத்த வேண்டியிருந்தது. எனக்குப் பிரிவுபசாரத்துக்குச் சால்வை வாங்குவது பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள். 'ஒத்தது' என்று போட்டுவிட்டுப் போய்விடலாமா என்று ஒருநாள் மனசு கேட்டது. கேட்டது, அவ்வளவுதான்.

ஒரு காலைப் பொழுதில் பெரியவர் சென்னையிலிருந்து போன் செய்தார். துறையில் இருந்தேன், கலைவாணி பக்கத்து மேஜையில் இருந்தாள்.

"அம்மா, உக்காந்திருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

"அன்னிக்கு உங்ககிட்ட சவால் விட்டுட்டு வந்தேனில்ல, அப்புறம் எனக்குத் தூக்கமே வரல. உங்க கூடு பழைய இனம்தான்னு நான் அடிச்சிச் சொன்னதுக்கு ஆதாரம் எது? என் சொந்த ஸ்லைடு. பல வருஷத்துக்கு முன்னாடி, பாலாறு தாண்டி ஒரு கிணத்துல எடுத்தது. முழுசா ஒண்ணு. பழைய இனம்னு நானே பேர் போட்டுப் புத்தகத்துலயும் ஏத்திட்டேன். அத எடுத்துப் பாத்தேன். எது மேல, எது கீழன்னு என்னாலயும் சொல்ல முடியல."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எங்க வீட்டுல டீ இல்ல, காபிதான். டம்ளர் மேல வெச்சேன்" என்றார்.

"சார், அது ஒண்ணே ஒண்ணுதானே உங்ககிட்ட இருந்தது?"

"உங்ககிட்டயும் ஒண்ணுதானே இருந்தது?" என்றார். பிறகு சிரித்தார். அத்தனை வயதுக்காரர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "புரண்டுடுச்சு அம்மா. வலக்கொம்பு. சந்தேகமே இல்ல. நான் பாத்துக்கிட்டிருந்தது எல்லாம் முதுகு. வயிறுன்னு எழுதி வெச்சிருக்கேன். அது பழைய இனம் இல்ல. உங்களோடது."

கலைவாணி என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். "இன்னா மேடம்? இன்னா சொல்றாரு?" நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"நான் எழுதினது தப்புன்னு திருத்தம் எழுதிட்டேன்" என்று பெரியவரின் குரல் மேஜையிலிருந்து வந்தது. "எனக்குக் கெடச்சது இன்ன இனத்தோட ரெண்டாவது முழுக் கூடு, முதல் கூடு ஆந்திராவுலேர்ந்து அப்படின்னு எழுதியிருக்கேன். உங்க கட்டுரைய உடனே அனுப்புங்க, அது வந்ததும் என் திருத்தம் பின்னாலேயே வரும். இனத்தோட பேர் வர்ற இடத்துல மட்டும் கோடு போட்டுக் காலியா விட்டிருக்கேன். என்ன பேர்?"

இந்தத் தொழிலில் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதில்லை. மதிப்புக்குரிய ஒருவரின் பெயரையோ, கூடு கிடைத்த ஊரின் பெயரையோ வைப்பதுதான் வழக்கம். துறைத்தலைவர் பலமுறை என் மேஜைப் பக்கமாகக் காரணமில்லாமல் நடந்து போயிருந்தார். கலைவாணிக்குப் பிச்சாட்டூர் என்று வைக்க ஆசை. ஆனால் கூடு கிடைத்த மண் வேறு ஊர். மண்ணுக்குத்தான் உரிமை என்று அவளே ஒருநாள் விட்டுக்கொடுத்திருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள், கண் முழுக்கத் தண்ணீரோடு.

"வரதய்யபாளையென்சிஸ்" என்றேன், வரதய்யபாளையத்தைச் சேர்ந்தது என்று லத்தீனில்.

போனில் பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"நீளமான பேரா இருக்கே அம்மா. நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.